கடைசி 15 நிமிடங்களில் கால்கள் தளர்வது ஏன்? கால்பந்து வீரர்களின் களைப்பு குறித்து ஆய்வுகள் சொல்வது என்ன?

2014-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி, ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடைபெற்றது. ஜெர்மனியும் அர்ஜென்டினாவும் 90 நிமிடங்களில் கோல் எதுவும் அடிக்காததால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. 113-ஆவது நிமிடத்தில் இடதுபுறமாக வேகமெடுத்து ஓடிய ஆந்த்ரே ஷர்லே பந்தை உள்ளே அனுப்ப, மரியோ கோட்சே அதை மார்பில் தாங்கி வலைக்குள் செலுத்தினார். கோப்பை ஜெர்மனிக்குச் சென்றது.

அந்த கோலில் பங்கேற்ற இருவருமே மாற்று வீரர்கள். ஷர்லே முதல் பாதியின் நடுவே களமிறங்கியவர். கோட்சே 88-ஆவது நிமிடத்தில்தான் வந்தார். எதிரே நின்ற அர்ஜென்டினா தடுப்பாட்டக்காரர்களோ தொடக்கம் முதல் ஓடிக்கொண்டிருந்தவர்கள். அது மட்டுமன்று. ஜெர்மனி தனது அரையிறுதியை ஜூலை 8-ஆம் தேதி 90 நிமிடங்களில் முடித்திருந்தது. அர்ஜென்டினா அதற்கு அடுத்த நாள், நெதர்லாந்துக்கு எதிராக 120 நிமிடங்கள் ஆடி, பெனால்டி ஷூட்-அவுட்டில் வென்று வந்திருந்தது. அதாவது ஒரு நாள் ஓய்வு குறைவு, அரை மணி நேர ஆட்டம் கூடுதல்.

ஒரே ஒரு கோலை வைத்துக்கொண்டு களைப்புதான் காரணம் என்று தீர்ப்பளிக்க இயலாது. ஆனால், முன்னணிக் கால்பந்து வீரர்களின் உடல் ஓர் ஆட்டத்தின்போது எப்போது, எப்படிக் களைக்கிறது என்பதைக் கடந்த அரை நூற்றாண்டு ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே காட்டியுள்ளன. அவை காட்டும் சித்திரம், தொலைக்காட்சித் திரையில் நாம் காணும் கிலோமீட்டர் கணக்கிலிருந்து பெரிதும் வேறுபட்டது.

கிலோமீட்டர் கணக்கு மறைப்பது

ஒவ்வொரு பெரிய ஆட்டத்தின் இறுதியிலும், எந்த வீரர் எத்தனை கிலோமீட்டர் ஓடினார் என்ற பட்டியல் திரையில் வருகிறது. 12 கிலோமீட்டர் ஓடிய நடுக்கள வீரரைக் கண்டு வியக்கிறோம். இத்தகைய கணக்கெடுப்பின் முன்னோடிகளில் ஒருவர் பிரிட்டனில் பணியாற்றிய தாமஸ் ரெய்லி. கேமராக்களும் கணினிகளும் இந்த வேலையைச் செய்யாத காலத்தில், எவர்ட்டன் கழக வீரர்களின் அசைவுகளைக் கண்ணால் பார்த்துக் குறித்து, கோல்கீப்பர் அல்லாத ஒரு வீரர் ஓர் ஆட்டத்தில் சராசரியாக 8,680 மீட்டர் நகர்கிறார் என்று ரெய்லியும் அவருடன் பணியாற்றிய மற்றொரு ஆய்வாளரும் 1976-இல் தெரிவித்தனர். அதில் பந்தோடு நகரும் தூரம் 2 சதவீதத்துக்கும் குறைவு. இன்றைய வீரர்கள் பொதுவாக 10 முதல் 13 கிலோமீட்டர் வரை நகர்கின்றனர்.

ஆனால் அந்தத் தூரத்தின் பெரும்பகுதி நடையும் மெதுவோட்டமும்தான். ஆட்டத்தின் போக்கை மாற்றுபவை அவற்றுக்கு இடையே வரும் சில நொடி நேர வேக ஓட்டங்கள். ஜெர்மனியின் பண்டஸ்லிகா தொடரில் அடிக்கப்பட்ட 360 கோல்களை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கோல் அடித்த வீரர் அதற்குச் சற்று முன்பு செய்த செயல்களில் முதலிடம் பெற்றது நேர்க்கோட்டில் ஓடிய முழுவேக ஓட்டமே. 45 சதவீத கோல்களில் அது காணப்பட்டது.

எனவே, மொத்தத் தூரத்தைவிட வேக ஓட்டம் எப்போது குறைகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு இன்றளவும் அதிகம் எடுத்துக்காட்டப்படும் விடை 2003-இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. மக்னி மோர், பீட்டர் குருஸ்ட்ரப், ஜென்ஸ் பாங்ஸ்போ ஆகிய மூவரும் உலகத் தரம் வாய்ந்த 18 வீரர்களையும் அவர்களைவிட ஒரு படி குறைந்த நிலையில் ஆடிய 24 தொழில்முறை வீரர்களையும் ஒப்பிட்டனர். மொத்தத் தூரத்தில் இரு பிரிவினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை: 10.86 கிலோமீட்டர், 10.33 கிலோமீட்டர். வேக ஓட்டத்தில்தான் இடைவெளி வெளிப்பட்டது. முதல் பிரிவினர் 2.43 கிலோமீட்டரும் இரண்டாம் பிரிவினர் 1.90 கிலோமீட்டரும் வேகமாக ஓடினர். முழுவேக ஓட்டத்தில் 650 மீட்டருக்கு எதிராக 410 மீட்டர்.

இத்தனை திறன் இருந்தும் சிறந்த வீரர்கள் களைப்பிலிருந்து தப்பவில்லை என்பதே ஆய்வின் முக்கியச் செய்தி. ஆட்டத்தின் கடைசி 15 நிமிடங்களில் வேக ஓட்டம், முதல் ஒரு மணி நேரத்தின் ஒவ்வொரு 15 நிமிடத்தோடு ஒப்பிடும்போது 35 முதல் 45 சதவீதம் வரை குறைந்திருந்தது. வீரரின் தரமோ, அவர் ஆடும் இடமோ இதில் வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழலாம். முன்னிலையில் இருக்கும் அணி கடைசி நேரத்தில் வேண்டுமென்றே ஆட்டத்தை மந்தமாக்கும். பந்து அடிக்கடி வெளியே செல்லும். நடுவர் விசில் ஊதுவார். ஓட்டம் குறைந்ததற்கு உடல் தளர்ந்ததுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? ஆய்வாளர்கள் இதற்கு எளிய ஒரு சோதனை வைத்தனர். அதே ஆட்டங்களில் இடையில் களமிறங்கிய 13 மாற்று வீரர்களின் கடைசி 15 நிமிடங்களை, முழு ஆட்டமும் ஆடியவர்களோடு ஒப்பிட்டனர். அதே களம், அதே ஸ்கோர், அதே எதிரணி. மாற்று வீரர்கள் 25 சதவீதம் அதிகமாக வேக ஓட்டம் ஓடியிருந்தனர். ஆட்டத்தின் மந்தம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்காது.

மூன்று வேளைகளில் வரும் தளர்ச்சி

களைப்பு என்றதும் எரிபொருள் தொட்டி சிறிது சிறிதாகக் காலியாவதுபோல ஒரு காட்சி மனதில் தோன்றும். கால்பந்தில் நடப்பது அப்படியன்று. ஆட்டத்தின் எந்த நேரத்திலும், கடுமையான ஓட்டம் நிறைந்த ஒரு ஐந்து நிமிடத்துக்குப் பிறகு தற்காலிகத் தளர்ச்சி ஏற்படுகிறது. மேற்சொன்ன ஆய்வில், ஒரு வீரரின் மிகக் கடுமையான ஐந்து நிமிடங்களை அடுத்த ஐந்து நிமிடங்களில், அவரது வேக ஓட்டம் அந்த ஆட்டத்தின் சராசரியைவிட 12 சதவீதம் குறைந்திருந்தது. பின்னர் உடல் மீண்டுவிடுகிறது. தொடர் தாக்குதலுக்குப் பிறகு பந்தை இழக்கும் அணி, எதிர்த் தாக்குதலில் தடுமாறுவதைப் பார்க்கும்போது இந்த எண்ணை நினைவில் கொள்ளலாம்.

இரண்டாவது, பலரும் கவனிக்காதது: இடைவேளைக்குப் பிந்தைய முதல் சில நிமிடங்கள். இது உண்மையில் களைப்பன்று, குளிர்ச்சி. ஓய்வறையில் அமர்ந்திருக்கும் 15 நிமிடங்களில் தொடைத் தசையின் வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் குறைகிறது. 2004-இல் வெளியான மோர் குழுவினரின் மற்றோர் ஆய்வில், இடைவேளையில் வெறுமனே அமர்ந்திருந்தவர்களின் முழுவேக ஓட்டம் இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் 2.4 சதவீதம் மந்தமாகியிருந்தது. லேசான பயிற்சி செய்து தசையைச் சூடாக வைத்திருந்தவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. இடைவேளை முடியும் முன்பே வீரர்கள் களத்துக்கு வந்து ஓடிப் பார்ப்பது இதனால்தான்.

மூன்றாவது, அனைவரும் அறிந்த இறுதிக் கட்டத் தளர்ச்சி. இதன் வேரைத் தேடி ஆய்வாளர்கள் தசைக்குள்ளேயே சென்றனர்.

நாருக்கு நார் காலியாகும் கிளைகோஜன்

நாம் உண்ணும் அரிசி, கோதுமை போன்ற மாவுச்சத்து, தசைகளில் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கப்படுகிறது. வேக ஓட்டத்துக்கு இதுவே முதன்மை எரிபொருள். ஸ்வீடனைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் பெங்ட் சால்டின் 1973-இல் வெளியிட்ட முடிவுகள் இன்றும் பேசப்படுகின்றன. முதல் நாள் கடும் பயிற்சி செய்து, குறைந்த கிளைகோஜனுடன் ஆட்டத்தைத் தொடங்கிய வீரர்கள் 9.7 கிலோமீட்டர் மட்டுமே கடந்தனர். அதில் பாதியை நடந்தே கழித்தனர். போதிய சேமிப்புடன் வந்தவர்கள் 12 கிலோமீட்டர் கடந்தனர். அவர்கள் நடந்தது 27 சதவீதம்தான்.

2006-இல் குருஸ்ட்ரப் குழுவினர் இன்னும் ஆழமாகச் சென்றனர். ஆட்டத்துக்கு முன்பும், இடையிலும், முடிந்த பின்பும் வீரர்களின் தொடையிலிருந்து ஊசி மூலம் தசைத் துணுக்குகளை எடுத்தனர். இதற்கு முன்வந்தவர்கள் டென்மார்க்கின் நான்காம் நிலைத் தொடரில் ஆடிய 31 வீரர்கள். கோடிக்கணக்கில் விலை பெறும் நட்சத்திரத்தின் தொடையில் ஆட்டத்தின் நடுவே ஊசி போட எந்த முன்னணிக் கழகமும் இசையப்போவதில்லை என்பதால், இத்துறையில் இத்தகைய சமரசம் தவிர்க்க முடியாதது.

கிடைத்த முடிவு சுவையானது. ஆட்டத்தின் முடிவில் கிளைகோஜன் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. ஒரு கிலோ உலர் தசைக்கு 449 மில்லிமோல் என்ற அளவிலிருந்து 255-ஆகக் குறைந்திருந்தது. பாதிக்கும் மேல் மீதமிருந்தது. அப்படியானால் கால்கள் ஏன் தளர்ந்தன? தசை நார்களைத் தனித்தனியே ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. ஏறத்தாழ 47 சதவீத நார்கள் முழுமையாகவோ கிட்டத்தட்ட முழுமையாகவோ காலியாகியிருந்தன. மீதமிருந்த கிளைகோஜன் வேறு நார்களில் இருந்தது. அண்டை வீட்டில் அரிசி நிறைந்திருந்தாலும் நம் வீட்டு உலை கொதிக்காது அல்லவா? ஒரு நாரின் சேமிப்பு அடுத்த நாருக்கு உதவுவதில்லை. முழுவேகத்தில் பாய வேண்டுமென்றால் பெரும்பாலான நார்கள் ஒன்றாகச் சுருங்கி இழுக்க வேண்டும். அவற்றில் பாதி ஒத்துழைக்காதபோது, வீரரால் நடக்கவும் மெதுவாக ஓடவும் முடிகிறது, பாய மட்டும் முடிவதில்லை.

வர்ணனையாளர்கள் வழக்கமாகக் குறைகூறும் லாக்டிக் அமிலத்துக்கும் இந்த ஆய்வு ஓரளவு விடுதலை அளித்தது. தசையிலுள்ள லாக்டேட் அளவுக்கும் வேக ஓட்டத்தின் சரிவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ரத்தத்தில் அதன் அளவு முதல் பாதியில் 6 மில்லிமோலாகவும் இரண்டாம் பாதியில் 5-ஆகவும் இருந்தது. களைப்பு கூடிய பாதியில்தான் அது குறைவு. தற்காலிகத் தளர்ச்சிக்கு, தசைச் செல்களுக்கு வெளியே பொட்டாசியம் சேர்வது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அது இன்னும் கருதுகோள் நிலையிலேயே உள்ளது.

வெயிலில் மாறும் ஆட்டம்

வெப்பம் இந்தக் கணக்கை மேலும் சிக்கலாக்குகிறது. கத்தாரில் 17 முன்னணி வீரர்களை வைத்து மோர் குழுவினர் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வீரர்கள் சுமார் 21 டிகிரியிலும் சுமார் 43 டிகிரியிலும் ஆடினர். கடும் வெப்பத்தில் மொத்தத் தூரம் 7 சதவீதம் குறைந்தது. வேக ஓட்டம் 26 சதவீதம் சரிந்தது. ஆனால் எதிர்பாராத இரண்டு மாற்றங்களும் தெரிந்தன. உச்ச வேகம் 4 சதவீதம் கூடியது. பந்தைச் சகவீரருக்குத் துல்லியமாக அனுப்பும் விகிதம் 8 சதவீதம் உயர்ந்தது. ஓட்டம் குறைந்து எதிராளியின் நெருக்கடி தளர்ந்ததால் பந்தை அனுப்ப நேரம் கிடைத்திருக்கலாம். வெப்பத்தில் உடல் தோற்றுப்போகும் முன்பே வீரரின் மூளை சிக்கனத்தைத் தொடங்கிவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஈரப்பதம் மிகுந்த கடலோர நகரங்களில் நிலைமை இன்னும் கடினம். உடலைக் குளிர்விப்பது வியர்வை அன்று, அது ஆவியாவதுதான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர உடல் குளிராது. கொச்சியிலும் கொல்கத்தாவிலும் கோவாவிலும் ஆடும் வீரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வெப்பநிலை, ஈரப்பதம், வெயிலின் தாக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32 டிகிரியைத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் அருந்த இடைவெளி தரலாம் என்ற விதி 2014 உலகக் கோப்பையில் நடைமுறைக்கு வந்தது.

அதன் முதல் பயன்பாடே ஆட்டத்தின் போக்கை மாற்றியது. ஃபோர்ட்டலேஸா நகரில் நெதர்லாந்துக்கு எதிராக மெக்ஸிகோ 1-0 என முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியின் தண்ணீர் இடைவெளியைப் பயன்படுத்தித் தனது ஆட்ட உத்தியை மாற்றியதாக நெதர்லாந்து பயிற்சியாளர் லூயி வான் கால் பின்னர் வெளிப்படையாகவே கூறினார். 88-ஆவது நிமிடத்தில் ஒரு கோல், கூடுதலாகத் தரப்பட்ட நிமிடங்களில் பெனால்டி மூலம் இன்னொரு கோல். முதல் கோலுக்குத் தலையால் பந்தைத் தள்ளிக் கொடுத்தவரும், பெனால்டியை அடித்தவரும் மாற்று வீரராக வந்த கிளாஸ் யான் ஹுன்டெலார். தண்ணீருக்காகத் தரப்பட்ட இடைவெளி பயிற்சியாளரின் வகுப்பறையாகவும் மாறியது. 2026 உலகக் கோப்பையில், வானிலை எப்படி இருந்தாலும், ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிட இடைவெளி தரப்படும் என்று சர்வதேசக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 2025 டிசம்பரில் அறிவித்தது.

இரண்டிலிருந்து ஐந்து

1970-க்கு முந்தைய உலகக் கோப்பைகளில் மாற்று வீரர்களுக்கு இடமே இல்லை. அந்த ஆண்டு மெக்ஸிகோவில் இருவர் அனுமதிக்கப்பட்டனர். பின்னர் அது மூவரானது. கரோனா பெருந்தொற்றால் தடைபட்ட தொடர்களைக் குறுகிய காலத்தில் முடிக்க வேண்டியிருந்ததால் 2020 மே மாதம் ஐவர் என்ற தற்காலிக விதி வந்தது. 2022-இல் அது நிரந்தரமானது.

இந்த விதியை எல்லோரும் வரவேற்கவில்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் இரண்டு பருவங்கள் மூவர் விதியிலேயே நின்றது. 2022-23 பருவத்தில்தான் ஐவருக்கு மாறியது. எதிர்த்தவை பெரும்பாலும் சிறிய கழகங்கள். அவற்றின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பணக்காரக் கழகத்தின் இருக்கையில் அமர்ந்திருப்பவர்களும் சர்வதேச வீரர்கள். 70-ஆவது நிமிடத்தில், நார்கள் காலியான ஒரு தடுப்பாட்டக்காரருக்கு எதிராகப் புதிய கால்களுடன் அத்தகைய ஒருவர் இறங்கினால் என்ன நடக்கும் என்பதை டென்மார்க் ஆய்வின் அந்த 25 சதவீதமே சொல்லிவிடுகிறது. வீரர்களின் உடலைக் காக்கும் விதி, போட்டியின் சமநிலையைச் சற்றுச் சாய்க்கவும் செய்கிறது. இருந்தாலும் உடல்நலத்துக்கே முன்னுரிமை தரப்பட்டது சரி என்றே தோன்றுகிறது. ஆட்டம் அந்த அளவுக்கு வேகமாகிவிட்டது. பிரீமியர் லீக்கில் 2006-07 முதல் 2012-13 வரையிலான ஏழு பருவங்களில் வீரர்கள் கடக்கும் மொத்தத் தூரம் சுமார் 2 சதவீதம் மட்டுமே உயர்ந்தது. வேக ஓட்டமோ சுமார் 30 சதவீதம் உயர்ந்தது.

72 மணி நேரம்

காலியான நார்கள் மீண்டும் நிரம்ப எவ்வளவு காலம் ஆகும்? நன்றாகச் சாப்பிட்டாலும் இரண்டு முதல் மூன்று நாள்கள் தேவை. வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்றால் சிக்கல் இல்லை. வாரத்துக்கு இரண்டு என்றால்?

பிரெஞ்சு ஆய்வாளர் கிரெகோரி டுபோன் தலைமையில் 2010-இல் வெளியான ஆய்வு, ஐரோப்பாவின் ஒரு முன்னணிக் கழகத்தின் 32 வீரர்களை இரண்டு பருவங்கள் பின்தொடர்ந்தது. வாரத்தில் இரண்டு ஆட்டங்கள் ஆடியபோதும் அவர்கள் கடந்த தூரமோ வேக ஓட்டமோ குறையவில்லை. இத்துடன் நிறுத்தியிருந்தால், வீரர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று நிர்வாகிகள் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் காயங்களின் கணக்கு வேறு கதை சொன்னது. வாரத்துக்கு ஓர் ஆட்டம் ஆடியபோது 1,000 மணி நேரத்துக்கு 4.1 காயங்கள், இரண்டு ஆடியபோது 25.6. ஆறு மடங்கு. களைப்பு ஓட்டத்தில் தெரியாமல், உடலில் தெரிந்தது.

காயங்களில் முன்னிலையில் இருப்பது ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் தொடையின் பின்புறத் தசைக் காயம். முழுவேகத்தில் பாயும்போதுதான் இது பெரும்பாலும் கிழிகிறது. ஐரோப்பியக் கழகங்களில் ஸ்வீடனின் யான் எக்ஸ்ட்ராண்ட் குழுவினர் இரு பத்தாண்டுகளாகத் திரட்டிய தரவுகளின்படி, மொத்தக் காயங்களில் இதன் பங்கு 2001-02 பருவத்தில் 12 சதவீதம். 2021-22-இல் 24 சதவீதம். ஒவ்வொரு பாதியிலும் நேரம் ஆக ஆக இந்தக் காயம் அதிகரிப்பதையும் அவர்கள் பதிவு செய்துள்ளனர். ஆட்டத்தின் வேகம், நெருக்கமான அட்டவணை, பயிற்சி முறை எனப் பல காரணங்கள் இதில் பின்னிக் கிடக்கின்றன.

ஆனால் அட்டவணை சுருங்கவில்லை. 2024-25 முதல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கின் முதல் சுற்றில் ஒவ்வொரு அணியும் ஆறுக்குப் பதில் எட்டு ஆட்டங்கள் ஆடுகிறது. 2025 கோடையில் 32 அணிகள் பங்கேற்ற கழக உலகக் கோப்பை அமெரிக்காவில் நடைபெற்றது. 2024 அக்டோபரில் வீரர்கள் சங்கத்தின் ஐரோப்பியப் பிரிவும் ஐரோப்பிய லீக்குகளின் அமைப்பும் ஃபிஃபாவுக்கு எதிராக ஐரோப்பிய ஆணையத்தில் புகார் அளித்தன. அதற்கு முந்தைய மாதம், வீரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலை நெருங்கிவிட்டது என்று மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி கூறினார். சில நாள்களில் அவரே முழங்கால் தசைநார் கிழிந்து பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். அது எதிராளியோடு மோதியதில் நேர்ந்தது. களைப்பின் கணக்கில் அதைச் சேர்ப்பது முறையாகாது. இரு ஆட்டங்களுக்கு இடையே குறைந்தது 72 மணி நேரமும், பருவ முடிவில் குறைந்தது 21 நாள்களும் ஓய்வு தேவை என்பதில் கருத்தொற்றுமை ஏற்பட்டுள்ளதாக ஃபிஃபா 2025 ஜூலையில் தெரிவித்தது.

நம் நாட்டு அட்டவணைகளை இந்த 72 மணி நேர அளவுகோலால் அளந்து பார்க்கலாம். 2024 டிசம்பர் 14-ஆம் தேதி ஹைதராபாதில் தொடங்கிய சந்தோஷ் கோப்பை இறுதிச் சுற்றில், ஒவ்வொரு அணிக்கும் ஐந்து பிரிவு ஆட்டங்கள். பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இறுதி ஆட்டத்தை எட்டிய மேற்கு வங்கமும் கேரளமும் காலிறுதி, அரையிறுதி, இறுதி ஆட்டம் என மொத்தம் எட்டு ஆட்டங்களை 18 நாள்களுக்குள் ஆடின. அரையிறுதி டிசம்பர் 29-இல். இறுதி ஆட்டம் 31-இல். அந்த இறுதி ஆட்டத்தின் ஒரே கோலை மேற்கு வங்கத்தின் ரோபி ஹன்ஸ்டா அடித்தார். அப்போது 90 நிமிடங்கள் முடிந்து, கூடுதலாகத் தரப்பட்ட நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.